சேற்றில் சிக்கிய லாரியை இழுக்க: இரும்பு வடமா, டைனீமா கயிறா?

அச்சு வரை புதைந்த லாரிக்குப் பலரும் எடுப்பது இரும்பு வடம்தான். கல்லில் உரசினாலும் சூடு பட்டாலும் தாங்கும். ஆனால் பிசிறிய கம்பி கையைக் கிழிக்கும். அறுந்தால் சாட்டைபோலத் திரும்பி வந்து ஆளையே கொன்றுவிடும்.

டைனீமா என்ற மிக உறுதியான பிளாஸ்டிக் இழையால் பின்னிய கயிறு அதே பலத்துக்கு இரும்பு வடத்தில் ஏறக்குறைய 1/7 எடைதான். தண்ணீரில் மிதக்கும், அறுந்தாலும் வீச்சு குறைவு. என் தேர்வு இதுதான். ஆனால் கூர்மையான விளிம்பில் உறை இல்லாமல் விடாதீர்கள். சுமார் 150 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், சைலென்சர் பக்கமே வேண்டாம்.

அப்புறம், எதை எடுத்தாலும் ஷேக்கிளில் (கயிற்றை வண்டியோடு மாட்டும் U வடிவ இரும்புக் கொக்கி) பொறித்திருக்கும் வேலைச் சுமையை, அதாவது அது பத்திரமாகத் தாங்கும் அதிகபட்ச சுமையைப் பாருங்கள். சேறு கவ்விப் பிடித்தால் தேவைப்படும் இழுவிசை லாரியின் எடையையே தாண்டலாம். இழுக்கும்போது ஆட்கள் கயிற்றின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தள்ளியே நிற்கட்டும்.