“எதை மாட்டினாலும் இழுக்கும்” என்று விற்ற டீசல் பிக்கப்

கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு கொலராடோ, யெல்லோஸ்டோன் என்று கிளம்ப ஃபிஃப்த் வீல் டிரெய்லர் தேடுகிறவர்கள் டாலஸ் பக்கத் தமிழர்களில் கொஞ்சம் பேராவது இருப்பீர்கள். முன்பணம் கட்டுவதற்குள் இதைப் படித்துவிடுங்கள். விற்றவரின் பெயரைப் போடவில்லை. வழக்கு நடக்கலாம், போடாதீர்கள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

வாங்கியது ஒரு பழைய முக்கால் டன் டீசல் பிக்கப் (முக்கால் டன், ஒரு டன் என்பதெல்லாம் வண்டி வகையின் பெயர், ஏற்றக்கூடிய உண்மையான எடை அல்ல), ஆட்டோமேட்டிக் கியர். கூடவே அதே ஆள் விற்ற ஃபிஃப்த் வீல் டிரெய்லர். இரண்டையும் சேர்த்து எடுத்தால் விலையில் சலுகை, டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் இலவசம். “இது டீசல். எதை மாட்டினாலும் இழுக்கும்” என்பதை அந்த ஆள் பேச்சுக்குப் பேச்சு சொல்லிக்கொண்டே இருந்தார்.

இந்த வண்டிகளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். சாதாரண டிரெய்லரை பம்பருக்குக் கீழே இருக்கும் உருண்டையில் மாட்டுவார்கள். ஃபிஃப்த் வீல் அப்படியல்ல. பிக்கப்பின் பின்தொட்டிக்குள், பின் அச்சுக்கு மேலேயே ஹிட்ச் இருக்கும். டிரெய்லரின் மூக்கிலிருந்து கீழே நீளும் கிங்பின் அதில் வந்து பூட்டிக்கொள்ளும். காற்றடித்தாலும் அவ்வளவாக ஆடாது, ஓட்டவும் சுகம். ஆனால் டிரெய்லரின் மொத்த எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பிக்கப்பின் முதுகில் ஏறி உட்கார்ந்துவிடும். விற்பவர்கள் வாய் திறக்காத இடம் இதுதான். “இழுவைத் திறன் 16,000 பவுண்டுக்கு மேல், டிரெய்லரை முழுசாக நிரப்பினாலும் 12,000 தான், அப்புறம் என்ன?” என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் பட்டை போட்ட ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து எவ்வளவு ஏற்றலாம் என்று அதில் போட்டிருக்கும். அதைத்தான் பேலோட் என்கிறார்கள். என் வண்டியில் 2,040 பவுண்டு. டீசல் இன்ஜினே மகா கனம். முக்கால் டன் வண்டிகள் பலவற்றில் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு என்பதால், இன்ஜின் கனம் கூடக்கூட நாம் ஏற்றக்கூடியது குறைந்துகொண்டே வரும். இப்போது கணக்குப் போடுங்கள். 12,000 பவுண்டு டிரெய்லரின் கிங்பின் எடை 2,400. ஹிட்ச் மட்டும் 180. நாங்கள் நான்கு பேர், ஐஸ் பெட்டி, கருவிகள் எல்லாம் சேர்ந்து 700 தாண்டும். ஸ்டிக்கர் தாங்குவதைவிட ஆயிரத்துக்கு மேல் அதிகம்.

இந்த ஸ்டிக்கரைக் காட்டியே அவரிடம் கேட்டேன். அதற்கு அவர் பின்சக்கரத்துப் பக்கம் கூட்டிப்போய்க் குனிந்து காட்டினார். சஸ்பென்ஷனில் இரண்டு காற்றுப் பைகள் புதிதாகப் பொருத்தியிருந்தார்கள். “இது போட்டதால் உன் பேலோட் 5,000 பவுண்டு ஏறிவிட்டது, ஸ்டிக்கர் பழையது.” இதையே அன்று மாலை குறுஞ்செய்தியாகவும் அனுப்பினார். பச்சைப் பொய். காற்றுப் பை வண்டியின் பின்பக்கம் தாழாமல் தூக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். அச்சு, சக்கரம், டயர், பிரேக் எதன் வரம்பும் அதனால் ஒரு பவுண்டுகூட ஏறாது. பார்வைக்கு வண்டி மட்டமாக நிற்பதால் எடை கூடியதே தெரியாமல் போகும் என்பதுதான் இதிலிருக்கும் ஆபத்து.

வெளி மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும் என்றபோது, இன்சூரன்ஸ் அனுமதிக்காது என்று சொல்லி, தங்கள் ஆளே எல்லாவற்றுக்கும் டிக் அடித்த ஒரு தாளைக் கொடுத்தார். டிரான்ஸ்மிஷன் (கியர்பெட்டி) எண்ணெய் பளிச்சென்று சிவப்பாக இருந்தது. டீசல் புகையைச் சுத்தம் செய்யத் தனியாக ஊற்றும் டி.இ.எஃப். திரவம் பற்றிக் கேட்டதற்கு, “இந்த வண்டி அதைக் கொஞ்சமாகத்தான் குடிக்கும்” என்றார். எவ்வளவு கொஞ்சம் என்பது பிறகு தெரிந்தது.

டெக்சாஸ் சமவெளியில் பிரச்சினையே இல்லை. அமரில்லோ, டால்ஹார்ட், கிளேட்டன் வழியாக நியூ மெக்ஸிகோவின் ராட்டன் ஊர் வரை நன்றாகவே வந்தோம். அங்கிருந்து ஐ-25 நெடுஞ்சாலை 7,834 அடி உயர ராட்டன் கணவாய்க்கு ஏறுகிறது. பாரம் இழுக்கும்போது கியர் மாறும் விதத்தை அதற்கேற்ப மாற்றும் டோ-ஹால் பொத்தானை அழுத்தித்தான் ஓட்டினேன். ஆனாலும் டிரான்ஸ்மிஷன் வெப்பம் 200 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து விறுவிறுவென்று 245ஐத் தொட்டது. அடுத்த நொடி ஆர்.பி.எம். முள் தானாக மேலே பாய்ந்தது, வண்டி வேகம் மட்டும் குறைந்துகொண்டே போனது. கருகின வாடை. பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க, எப்படியோ ஓரங்கட்டினேன். டிரக்கை இழுக்க ஒரு வண்டி, டிரெய்லரை இழுக்க ஹிட்ச் உள்ள இன்னொரு வண்டி. வழியில் வண்டி நின்றுபோனால் உதவும் என் ரோட்சைட் திட்டத்தில் டிரெய்லர் சேர்த்தி இல்லை. பிள்ளைகள் அழுத அழுகையை எழுதப்போவதில்லை.

கணவாய்க்கு அந்தப்புறம் கொலராடோவின் டிரினிடாட் ஊரில் ஒரு டீசல் பட்டறை. அந்த மெக்கானிக் முதலில் பானெட்டைத் திறக்கவே இல்லை. பின்னால் போய்ப் புகைக்குழாய்க்குள் விரலை விட்டுத் தேய்த்தார். விரல் அட்டைக்கரியாக வெளியே வந்தது. டி.பி.எஃப். என்னும் புகைவடிகட்டி ஒழுங்காக வேலை செய்யும் டீசல் வண்டியில் குழாயின் உட்புறம் சுத்தமாக இருக்குமாம். வண்டியைத் தூக்கிப் பார்த்தால் வடிகட்டியின் குடுவை என்னவோ இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. அறுத்து, குடைந்து எடுத்துவிட்டு, மறுபடி பற்றவைத்திருக்கிறார்கள். வெல்டிங் தழும்பின் மேல் வெள்ளிப் பெயின்ட். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்ததில் இன்ஜினுக்கு விசை கூட்டி, புகைச் சுத்திகரிப்பை அணைத்துவைக்கும் ட்யூன் என்னும் மாற்று மென்பொருள் ஏற்றியிருந்தது தெரிந்தது. டி.இ.எஃப். ஒரு சொட்டுகூடச் செலவாகாததன் ரகசியமும் அதுதான்.

இதற்கும் கியர் எரிந்ததற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். ஆட்டோமேட்டிக்கில் இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே டார்க் கன்வர்ட்டர் இருக்கிறது. அது எண்ணெயைச் சுழற்றித்தான் விசையைக் கடத்தும். உள்ளே இருக்கும் கிளட்ச் பூட்டிக்கொள்ளும்வரை வழுக்கல் இருக்கும், அந்த வழுக்கல் முழுக்க வெப்பமாக மாறும். கம்பெனி கொடுத்த விசைக்கு ஏற்பத்தான் அந்தக் கிளட்ச் செய்திருப்பார்கள். ட்யூன் போட்டு விசையைக் கூட்டி, பின்னால் பாரத்தையும் மாட்டி மலை ஏறினால், பூட்டிய கிளட்சே வழுக்கத் தொடங்கும். எண்ணெய் சமைந்துபோகும். இந்த வண்டியில் அது எனக்கு முன்னாலேயே நடந்திருக்கிறது. டிரான்ஸ்மிஷனின் அடித்தட்டைக் கழற்றியபோது, இரும்புத்தூளைப் பிடிக்க அதில் வைத்திருக்கும் காந்தத்தைச் சுற்றிக் கரும்பசை விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. தட்டைக் கழற்றாமல் எண்ணெயை மட்டும் மாற்றி, சிவப்பாக்கி, என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

டிரான்ஸ்மிஷனைப் பிரித்துக் கட்ட 8,000 டாலருக்கு மேல். புகை வடிகட்டும் அமைப்பைத் திரும்பப் பொருத்தும் செலவு தனி. அதைக் கழற்றுவது கூட்டரசின் தூய காற்றுச் சட்டத்துக்கு விரோதம் என்பதால், அப்படியே வைத்துப் பழுது பார்க்க அந்தப் பட்டறை மறுத்துவிட்டது. டெக்சாஸில் 2025 ஜனவரியிலிருந்து சொந்த வண்டிகளுக்குப் பாதுகாப்புச் சோதனையே இல்லை, டீசலுக்குப் புகைச் சோதனை முன்பும் கிடையாது. ஆகவே இப்படிப்பட்ட வண்டி எந்தத் தடையும் இல்லாமல் கைமாறிக்கொண்டே இருக்கும்.

விற்றவருக்கு போன் போட்டேன். முதலில், கண்ணாடியில் ‘உள்ளது உள்ளபடி’ என்று ஒட்டியிருந்ததே, கையெழுத்துப் போட்டாயே என்றார். அடுத்து சொன்னதுதான் வயிற்றெரிச்சல்: “நீ பேலோட் வரம்பைத் தாண்டி ஏற்றியிருக்கிறாய், கதவு ஸ்டிக்கரைப் படிக்கவில்லையா?” ஸ்டிக்கர் பழையது என்று சொன்ன அதே வாய்!

அந்தக் குறுஞ்செய்தியை நான் அழிக்கவில்லை. ‘உள்ளது உள்ளபடி’ என்ற தாள் வேண்டுமென்றே பொய் சொல்லி விற்றதைக் காப்பாற்றாது என்கிறார் வக்கீல். டெக்சாஸ் ஏமாற்று வணிகச் சட்டப்படி வழக்குப் போடுவதற்கு 60 நாள் முன்பே எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொடுத்தாயிற்று. மாநில மோட்டார் வாகனத் துறைக்கும் புகார் போயிருக்கிறது. 20,000 டாலர் வரை சிறு வழக்குகளைப் பார்க்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டிலேயே கேட்கலாம். மூன்று நாளில் திருப்பிக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், விற்பனையாளரின் இடத்தில் வாங்கும் வண்டிக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை.

வாங்கப் போகிறவர்கள் வெள்ளைத் துணி ஒன்றைக் கொண்டுபோய்ப் புகைக்குழாயைத் துடைத்துப் பாருங்கள். வெளிப் பட்டறையில் வண்டியைத் தூக்கிப் பார்க்க விடவில்லை என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். டிரெய்லர் பிரசுரத்தில் இருக்கும் கிங்பின் எடை காலி டிரெய்லருக்கானது, அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். டிரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் (CAT) நிறுவன எடைமேடையில் ஒருமுறை ஏற்றினால் ஒவ்வொரு அச்சிலும் எவ்வளவு என்று தனித்தனியாகச் சீட்டு வந்துவிடும். 12,000 பவுண்டு டிரெய்லர்தான் வேண்டும் என்றால், முக்கால் டன்னுக்கு அடுத்த பெரிய வகையான ஒரு டன் வண்டி பாருங்கள், அதிலும் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு.

எங்கள் டிரெய்லர் இன்னும் டிரினிடாடில்தான் நிற்கிறது. நோட்டீஸ் எப்படி எழுதுவது என்று தெரியாமல் யாராவது மாட்டிக்கொண்டிருந்தால் கேளுங்கள், பெயர்களை அடித்துவிட்டு எங்களுடையதை அனுப்புகிறேன்.