மன்னார்க் காற்றாலைகள்: கட்டுமான வேலையா, பராமரிப்பு வேலையா?

மன்னாரிலோ வவுனியாவிலோ சிறு நிறுவனம் நடத்துபவருக்குக் காற்றாலைக் கம்பனிகளிடம் இரண்டு விதமான வேலை கிடைக்கும். ஒன்று, பண்ணை கட்டும்போது வரும் உப ஒப்பந்தம். மற்றது, கட்டி முடிந்த பிறகு 20, 25 வருடம் தொடரும் பராமரிப்பு. நாங்கள் எடுத்தது இரண்டாவது. ஊரில் காசு தங்கவேண்டும் என்று நினைப்பவர்களுக்கும் அதைத்தான் சொல்வோம்.

கட்டுமானத்தில் தொகை பெரிது, அதில் விவாதமில்லை. 3 மெகாவாட் அளவுள்ள ஒரு காற்றாலையின் அத்திவாரத்துக்கே ஏறத்தாழ 400 முதல் 600 கன மீட்டர் கொங்கிறீற்று வேண்டும். 6 கன மீட்டர் ஏற்றும் மிக்சர் லொறியில் ஏறத்தாழ 70 முதல் 100 நடை. நடுவில் நிறுத்தினால் பழைய படையும் புதிய படையும் சேராமல் அந்த இடத்தில் வெடிப்பு விழும் என்பதால் ஒரே தொடராக ஊற்றவேண்டும். வெயில் காலத்தில் கலவைக்கு ஐஸ் தண்ணீர் வேறு. இதையெல்லாம் செய்யும் கலவை நிலையமும், பெரிய கிரேனும், 60 மீட்டருக்கு மேல் நீளமான இறகைச் சுமக்கும் ட்ரெயிலரும் வெளியிலிருந்து வந்து வேலை முடிந்ததும் போய்விடும். ஊருக்கு மிஞ்சுவது கிரவல், டிப்பர், காணி துப்புரவு, சாப்பாடு, வாடகை அறை, காவல். அதுவும் ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு.

அந்தக் காசும் உடனே கைக்கு வராது. வழக்கமான ஒப்பந்தங்களில் ஒவ்வொரு பில்லிலும் 10 சதவீதம் பிடிப்பார்கள், மொத்தத் தொகையின் 5 சதவீதம் சேரும்வரை. அதில் பாதி வேலை கையளிக்கும்போதும் மீதி ஒரு வருடம் கழித்தும் வரும். டிப்பர் லீசிங் மட்டும் மாதாமாதம் கட்டவேண்டும். திட்டமே நின்றுபோகவும் கூடும். மன்னாரில் 250, பூநகரியில் 234 என மொத்தம் 484 மெகாவாட்டுக்கு வந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. இனி வரப்போகும் பண்ணையை நம்பி வாகனம் எடுப்பது ஆபத்து.

பராமரிப்பு என்றால் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் இயந்திரத்தோடு வேலை. மன்னார்த் தீவில் மின்சார சபை கட்டிய தம்பபவனிப் பண்ணையில் 3.45 மெகாவாட் காற்றாலைகள் 30 நிற்கின்றன. 2020 டிசம்பரில் திறந்தார்கள். பளையில் இரண்டு தனியார் பண்ணைகள் 2014 முதல் ஓடுகின்றன. இவை அரசியல் மாறினாலும் அடுத்த வருடமும் எண்ணெய் கேட்கும், கிறீஸ் கேட்கும்.

எங்கள் தீர்மானத்தை முடித்து வைத்தது தூரம்தான். 3.45 மெகாவாட் காற்றாலை ஒன்று முழு வேகத்தில் ஓடக்கூடிய ஒரு நாளில் நின்றால் 82,800 அலகு மின்சாரம் போகும். அண்மையில் மன்னாரில் ஒரு உள்நாட்டு நிறுவனத்தின் 50 மெகாவாட் திட்டத்துக்கு ஒத்துக்கொண்ட விலை அலகுக்கு 4.65 அமெரிக்க சதம். அந்த விலையில் பார்த்தால் ஒரு நாள் நட்டம் ஏறத்தாழ 3,850 டொலர். அதானிக்குப் பேசிய விலை 8.26 சதம். விலை இப்படி இறங்க இறங்க, நின்றுபோன ஒவ்வொரு மணித்தியாலமும் முதலாளிக்கு வலிக்கும்.

நிற்பதற்குக் காரணம் பல நேரம் சிறியது: சென்சர் பழுது, தளர்ந்த இணைப்பு, மணலும் உப்பும் அடைத்த குளிரூட்டி வடிகட்டி. அதற்குக் கொழும்பிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வந்து சேர்வதற்குள் அரை நாளுக்கு மேல் போய்விடும். மன்னார் பட்டினத்தில் பயிற்சி பெற்ற இருவர் இருந்தால் ஒரு மணித்தியாலத்தில் கோபுர வாசலில் நிற்பார்கள். உள்ளூர் நிறுவனம் விற்கவேண்டியது இந்த நேரத்தைத்தான். கூலியைக் குறைத்துக் கேட்டு ஒப்பந்தம் பிடிப்பவர் இரண்டாவது வருடம் தாக்குப்பிடிக்கமாட்டார்.

வேலை நாட்காட்டியைச் சோழகம் என்ற தென்மேற்குக் காற்று தீர்மானிக்கும். மே முதல் செப்டெம்பர் வரை காற்று உச்சம். அப்போது திட்டமிட்டு நிறுத்தவும் விடமாட்டார்கள், காற்று வேகம் கையேட்டு எல்லையைத் தாண்டினால் மேலே ஏறவும் முடியாது. ஆகவே பெரிய சேவை மார்ச், ஏப்ரலில் முடியவேண்டும். கோபுரப் போல்ட்டுகளில் 10 சதவீதத்தை மாதிரியாக இறுக்கிப் பார்ப்பது பொதுவான முறை. ஒன்று அசைந்தாலும் அந்த இணைப்பு வளையத்தின் போல்ட்டுகள் முழுவதையும் பார்க்கவேண்டும். இறுக்கும் கருவிக்கு நடப்பு அளவுத்திருத்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் செய்த வேலையை ஏற்கமாட்டார்கள். ஒன்று சான்றிதழுக்குப் போயிருக்கும்போது வேலை நிற்காதபடி இரண்டு வைத்திருங்கள்.

கோபுரத்துக்குள் ஏற ஜி.டபிள்யூ.ஓ. என்ற சர்வதேசக் காற்றாலை அமைப்பின் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி வேண்டும். 24 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். தனியாள் ஏறக்கூடாது என்பதால் இருவராகத்தான் கணக்கு. ஒருவர் நோயில் விழுந்தாலும் வேலை நடக்க நான்கு பேருக்காவது பயிற்சி கொடுங்கள். ஆட்களுக்குக் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தின் மின், இயந்திரப் பிரிவுகளில் படித்து வெளியேறுபவர்களைப் பாருங்கள்.

ஒன்றை மறைக்கக்கூடாது. பராமரிப்பு அதிகம் பேருக்கு வேலை தராது; 30 காற்றாலைக்கு நிரந்தரத் தொழில்நுட்பர் என்று பார்த்தால் விரல்விட்டு எண்ணலாம். கியர் பெட்டியை இறக்குவது, இறகு மாற்றுவது எல்லாம் காற்றாலை செய்த கம்பனியின் கையில்தான் இருக்கும். எங்கள் அனுபவமும் வெளிவேலைகளில்தான் கூட. உள்வேலையைப் பற்றிச் சொன்னதில் பெரும்பகுதி கையேட்டை ஒட்டியது.

தொடங்கவேண்டியதும் அந்த வெளிவேலையில்தான். பாதை, அதன் அடியில் தண்ணீர் போகும் மதகு, புல் வெட்டு, துருப் பிடித்த இடத்தில் பெயின்ட், மின்காப்பிகளில் படியும் உப்பைக் கழுவுவது. கழுவ முதல் மின்னைத் துண்டித்து, சோதித்து, நிலத்தோடு இணைத்து, எழுத்தில் அனுமதி எடுக்கவேண்டும். வாய்ச்சொல்லை நம்பி ஏறாதீர்கள். இவற்றில் மதகுதான் முக்கியம். காற்றாலைப் பாதைகள் தண்ணீரை மறித்து வீடுகளுக்குள் வெள்ளம் வருகிறது என்பது மன்னார்த் தீவு மக்களின் நீண்டகால முறைப்பாடு. 2025 இல் நடந்த போராட்டங்களிலும் அதைச் சொன்னார்கள். மாரி தொடங்க முதல், செப்டெம்பரில், ஒவ்வொரு மதகையும் மணல் அள்ளித் திறப்பதை ஒப்பந்தத்தில் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். மக்களுக்கு நட்டம் வருமென்றால் எங்கள் வருமானத்தை ஊர் வளர்ச்சி என்று சொல்ல முடியாது.

ஒப்பந்தம் கேட்கமுதல் விசாரிக்கவேண்டியது, காற்றாலை விற்ற கம்பனியோடு உரிமையாளருக்கு முழுச் சேவை உடன்படிக்கை எந்த வருடம்வரை இருக்கிறது என்பதை. அதுவரை உரிமையாளர் நினைத்தாலும் கோபுரத்துக்குள் வேலை தரமுடியாது. விற்ற கம்பனியின் கீழ்தான் உப ஒப்பந்தம் கேட்கவேண்டும். உத்தரவாதம் முடிந்த சிறிய, பழைய பண்ணைகளில் உரிமையாளரிடமே நேரே பேசலாம். எந்தப் பக்கம் போனாலும் மாதக் கட்டணம், 30 நாளில் கொடுப்பனவு, டீசல் விலைக்கேற்பத் திருத்தம் என்ற மூன்றும் எழுத்தில் இருக்கட்டும்.