ப்ரோசைக்கிளிங்ஸ்டாட்ஸ்: நாளைய ஸ்டேஜை யார் ஜெயிப்பார் என்று கேட்டால் பாதி பதில் சொல்லும் தளம்

மூன்று வாரம் நடக்கும் டூர் தெ ஃப்ரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் நாளைய ஸ்டேஜை, அதாவது நாளைய ஒரு நாள் ஓட்டத்தை, யார் ஜெயிப்பார் என்று தெரிந்துகொள்ள ப்ரோசைக்கிளிங்ஸ்டாட்ஸ் என்கிற இந்தப் புள்ளிவிவரத் தளத்துக்குப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அது அங்கே எழுதியிருக்காது. இருப்பதெல்லாம் ஏற்கெனவே நடந்தவையும் நாளைய பாதையும்தான். ஆனால் நடந்ததை இவ்வளவு நுணுக்கமாக, காசு கேட்காமல் அடுக்கி வைத்திருக்கும் இடம் சைக்கிள் பந்தயத்துக்கு எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

நேரக் கணக்கில் மொரிசியஸ்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஜூலையில் பிரான்ஸைவிட நாம் இரண்டு மணி நேரம் முன்னால் இருக்கிறோம், சாதாரண ஸ்டேஜ் ஒன்று முடியும்போது இங்கே இரவு ஏழரை ஆகிவிடும், வேலை முடிந்து மெட்ரோ பிடித்து ரோஸ் ஹில்லில் இறங்கி வீட்டுக்கு வந்தாலும் கடைசி ஏற்றம் கிடைத்துவிடும். ஆனால் ஸ்டேஜ் கிளம்புவது நம் மதியம் மூன்று மணி வாக்கில். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கு யார் ஜெயிப்பார் என்று அதற்கு முன்பே பேரைப் போட்டுவிட வேண்டும். ஆகவே கணிப்பு வேலையெல்லாம் ஆபீஸ் சாப்பாட்டு நேரத்தில், ஒரு கையில் டோல் பூரி, மறு கையில் போன். பணம் வைத்து ஆடுவதில்லை. மூன்று வாரம் முடிந்ததும் கணிப்பில் கடைசி இடத்தில் இருப்பவர் எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தர வேண்டும்.

போர்ட் லூயிஸ் சாம்ப் தெ மார்ஸில் 1812-லிருந்து குதிரை ஓடுகிறது. பந்தய இதழை விரித்து வைத்துக்கொண்டு போன தடவை இந்தக் குதிரை எந்தத் தூரத்தில், எவ்வளவு எடையோடு ஓடியது என்று பென்சிலால் கோடு போடும் மாமாக்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தத் தளம் அந்நியமாகவே தெரியாது. பாஷை ஆங்கிலம்தான், ஆனால் பெரும்பாலும் எண்கள், பயப்பட ஒன்றுமில்லை.

நான் முதலில் பார்ப்பது ப்ரொஃபைல்ஸ்கோர் என்கிற எண். ஏற்றம் எவ்வளவு நீளம், எவ்வளவு செங்குத்து, முடிவுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, இந்த மூன்றையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. மூன்றாவதுதான் முக்கியம். 2025-ல் வாலன்ஸில் முடிந்த 17-வது ஸ்டேஜில் நடுவழியில் இரண்டு சின்ன ஏற்றங்கள் இருந்தன, ஆனால் அவற்றைத் தாண்டிய பிறகு பின்தங்கியவர்கள் திரும்பக் கூட்டத்தோடு சேர நேரம் இருந்ததால் ஜோனதன் மிலான் மாதிரி கனத்த ஸ்பிரிண்டர், அதாவது கடைசி நேர வேகத்தை நம்பி ஓடுகிறவர், ஜெயித்தார். அதே ஆண்டு மூர் தெ பிரத்தாஞ்யில் முடிந்த ஸ்டேஜ் ஏறக்குறைய 200 கிலோமீட்டர், கடைசி இரண்டு கிலோமீட்டர் மட்டும் சராசரி ஏழு சதவீதம் ஏறுகிறது, ஸ்பிரிண்டர்களுக்கு அதிலேயே கதை முடிந்தது, ஜெயித்தது மலைகளில் வல்லவரான பொகாச்சார், அந்த டூரையே ஜெயித்தவர். கடைசி 25 கிலோமீட்டருக்கு மட்டும் தனியாக ஒரு ஸ்கோர் போட்டிருக்கிறார்கள். மொத்த ஸ்கோரைவிட எனக்கு அதுதான் உதவுகிறது.

அடுத்தது, இந்தத் தளத்தில் பலரும் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகிற ஒரு வரி: எப்படி ஜெயித்தார். தனியாக வந்தா, பெரிய கூட்டத்தின் ஸ்பிரிண்டிலா, சின்னக் கூட்டத்தின் ஸ்பிரிண்டிலா என்று ஒவ்வொரு முடிவிலும் குறித்திருக்கும். இதை வைத்துப் பார்த்தால் நம் ஊர் சைக்கிள் வீராங்கனை கிம் லெ கூர் எப்படிப்பட்டவர் என்று தெளிவாகத் தெரியும். கியூர்பிப்பில் பிறந்தவர், 2025 ஏப்ரலில் பெல்ஜியத்தில் நடக்கும் லியேஜ்-பாஸ்தோன்-லியேஜ் பெண்கள் பந்தயத்தை ஜெயித்தபோது முடிவுக்கு வந்து சேர்ந்தது நாலே பேர், மற்ற மூவரையும் ஸ்பிரிண்டில் முந்தினார். அதாவது ஏற்றங்களில் சிறந்தவர்களோடு ஒட்டிக்கொண்டு போகவும் தெரியும், கடைசியில் வேகமும் உண்டு. அதே ஆண்டு பெண்கள் டூரான டூர் தெ ஃப்ரான்ஸ் ஃபாமின் 5-வது ஸ்டேஜ், அந்த டூரிலேயே நீளமானது, கெரேயில் முடிந்தது, முடிவுக்குப் பக்கத்தில் வரிசையாக ஏற்றங்கள். அவருக்கென்றே போட்ட பாதை! ஜெயித்தார், 2-வது ஸ்டேஜில் கிடைத்துக் கைவிட்டுப்போன மஞ்சள் ஜெர்சியும், மொத்த நேரத்தில் முதலில் இருப்பவர் போடுவது, திரும்பி வந்தது. நம் குழுவில் அன்று அவர் பேரைப் போட்டவர்களை ஊர்ப்பாசம் என்று கிண்டல் செய்தார்கள். பாசம் இருந்தது, சரி, கணக்கும் இருந்தது.

இனி குறைகள். காற்று இந்த எண்களுக்குள் கிடையாது. ஜூலை, ஆகஸ்டில் தென்கிழக்குக் காற்று அடிக்கும்போது பெல் மார் பக்கம் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டிப் பார்த்தவர்களிடம் ப்ரொஃபைல்ஸ்கோர் சைபர் என்று சொன்னால் சிரிப்பார்கள். 2025 டூரின் முதல் ஸ்டேஜ், லீல் ஊரைச் சுற்றி, தட்டையான பாதை, எண்ணைப் பார்த்தால் சோம்பேறி நாள். பக்கவாட்டுக் காற்றில் பெலட்டான் என்கிற பெரிய கூட்டம் கிழிந்து, மொத்த வெற்றிக்குப் போட்டியிட வந்த எவனெபோலும் ரொக்லிச்சும் முதல் நாளே 39 வினாடி இழந்தார்கள். ஸ்பிரிண்டர் பிலிப்சன்தான் ஜெயித்தார் என்பது உண்மை, ஆனால் முன்னால் மிஞ்சிய கூட்டத்தில் இல்லாத ஸ்பிரிண்டருக்கு ஓட்டுப் போட்டவர்களுக்கு அதனால் என்ன லாபம்? தட்டையான ஸ்டேஜ் என்றால் வானிலையைத் தனியாகப் பாருங்கள், வரைபடத்தில் சாலை எந்தத் திசையில் திரும்புகிறது என்றும் பாருங்கள்.

இதைவிடப் பெரிய குறை, அதைக் குறை என்று சொல்வதே நியாயமில்லைதான், யாருக்குத் துரத்த வேண்டிய தேவை இருக்கிறது என்று எந்த எண்ணும் சொல்லாது. 2025-ல் பொகாச்சார் ஓதகாம் மலையில் தன் முக்கியப் போட்டியாளர் விங்ககோரை இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தள்ளினார், மறுநாள் ஒவ்வொருவரும் தனியாக ஓடும் பேராகுத் நேரப் பந்தயத்தையும் எடுத்தார், மொத்தத்தில் இடைவெளி நாலு நிமிடம் தாண்டியது. மீதி எட்டு ஸ்டேஜில் சூப்பர்பான்யேர், வாண்டூ, கோல் தெ லா லோஸ், லா பிளான் என்று மலை முடிவுகளே நாலு. தளத்தின் பட்டியலைப் பார்த்துக் கணித்தால் நாலுக்கும் அவர் பேர்தான் வரும். ஒன்றுகூட அவருக்கு இல்லை! ஆரன்ஸ்மன் இரண்டு, வாலந்தாங் பாரே-பாந்த்ர் ஒன்று, பென் ஓ'கானர் ஒன்று. மஞ்சள் ஜெர்சி பத்திரமாக இருக்கிறவருக்கு முன்னால் ஓடுகிற ஆளைப் பிடிக்க என்ன அவசரம், அந்த ஆள் மொத்த நேரப் பட்டியலில் எங்கோ கீழே கிடந்தால்?

ஆகவே மூன்றாவது வாரத்தில் நான் தளத்தைத் தலைகீழாகப் படிக்கிறேன். மொத்த நேரப் பட்டியலைத் திறந்து, கால் மணி நேரம், அரை மணி நேரம் பின்னால் இருக்கும் நல்ல மலை ஏறிகள் யார், இன்னும் ஒரு ஸ்டேஜ்கூட ஜெயிக்காத அணி எது என்று தேடுவேன். முன்னால் ஓடிப்போக விடப்படுபவர்கள் அங்கேதான் இருப்பார்கள். இதற்குத் தேவையான எல்லாமே ஒரே தளத்தில் கிடைக்கிறது, அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

பழைய முடிவுகளை ரொம்ப நம்பவும் வேண்டாம். பாரிஸ் கடைசி ஸ்டேஜின் பழைய பட்டியலைத் திறந்தால் ஸ்பிரிண்டர் பேராகவே கொட்டும். 2025-ல் மோன்மார்த்ர் ஏற்றத்தை மூன்று தடவை சேர்த்தார்கள், மழையும் பெய்தது, கடைசி ஏற்றத்தில் பொகாச்சாரையே கழற்றிவிட்டு வூட் வான் ஆர்ட் தனியாக வந்தார். பாதை கடைசி நேரத்திலும் மாறும்: அதே டூரின் 19-வது ஸ்டேஜில் வழியிலிருந்த மாடுகளுக்குத் தோல் கழலை நோய் வந்து, முந்தைய நாள்தான் மலைப் பகுதியை வெட்டிப் பாதையைச் சுருக்கினார்கள். பந்தயக் கணக்கில் மாட்டு வைத்தியரையும் சேர்க்க வேண்டும் போல.

போனில் பார்க்கிறவர்களுக்கு அட்டவணைகள் நெருக்கம்தான், கண்ணாடி போடுகிற வயதுக்காரர்கள் கணினியில் திறப்பது நல்லது. ஸ்டேஜ் நடக்கும்போது கிலோமீட்டர் கணக்கைத் தொடரவும் முடியும், டிவி இல்லாத இடத்தில் அது போதும்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். அந்த ஒன்றைக் காற்றுக்காகப் பிடித்துக்கொள்கிறேன். புதிதாக வருகிறவர்கள் பெண்கள் டூரிலிருந்து தொடங்கலாம், நாட்கள் குறைவு, பேர்கள் சீக்கிரம் பழகிவிடும், நம் ஊர்ப் பேர் ஒன்றும் பட்டியலில் மேலேயே இருக்கும்.