சுவரில் ஏறிய ஜவ்வாது மலை: மாடல் ரயில் பின்திரை, சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

மாடல் ரயில்களில் ஹெச்ஓ (HO) அளவு என்றால் நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் 3 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஒரு மலையைக் காட்ட, தண்டவாளத்துக்குப் பின்னால் 34 மீட்டர் இடம் வேண்டும். வீட்டு அறையில் அது நடக்காது. மலை, தண்டவாளத்துக்குப் பின்னால் நிற்கும் வரைந்த திரையாக, அதாவது பின்திரையாக, சுவரில்தான் ஏறியாக வேண்டும்.

என் லேஅவுட் (தண்டவாளமும் ஊரும் சேர்ந்த மாடல் அமைப்பு) காட்பாடி – விழுப்புரம் பாதையின் மீட்டர்கேஜ் காலத்தைப் பற்றியது. கண்ணமங்கலத்துக்கும் போளூருக்கும் இடைப்பட்ட பகுதி. மீட்டர்கேஜில் தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர், அதை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை மி.மீ. வருகிறது, 12 மி.மீ. மாடல் தண்டவாளம் ஏறக்குறைய அப்படியே பொருந்திவிடும். அந்தப் பாதையில் மேற்கே பார்த்தால் ஜவ்வாது மலை. அது இல்லாமல் எவ்வளவு நல்ல ஒய்டிஎம்-4 (மீட்டர்கேஜ் டீசல்) இன்ஜினை ஓட்டினாலும் ஊர் வராது.

பின்திரைக்கு 3 மி.மீ. பிவிசி ஃபோம் ஷீட். போர்டு எழுதும் கடைகளில் கிடைக்கும். மூலையில் செங்கோணமாக ஒட்டாமல் ஓர் அடி ஆரத்துக்கு வளைத்து விட்டேன். மூலை என்பதே கண்ணுக்குத் தெரியாது, நிழலும் விழாது. மேலே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர், பிறகு வீட்டுச் சுவருக்கு அடிக்கும் மேட் எமல்ஷன். வண்ணத்துக்கு ஹார்டுவேர் கடை ஸ்டெய்னரும் (எமல்ஷனில் கலக்கும் நிறக் கரைசல்), நாலைந்து அக்ரிலிக் டியூபுகளும். பளபளப்பு வகை எமல்ஷன் வேண்டவே வேண்டாம். எல்இடி வெளிச்சம் பட்டதும் வானம் மினுங்கும். ஃப்ளெக்ஸில் அச்சடித்த படத்தையும் வைத்துப் பார்த்தேன். அதே மினுக்கம், கூடவே மலைக்கு ஊட்டிப் பச்சை. கையால் வரைந்ததையே வைத்துக்கொண்டேன்.

நம் மலைகள் ஊட்டி மாதிரி இல்லை. பாறை, உருண்டைக் கற்கள், இடையில் புதர். வேலூர்க் கோட்டையிலிருந்து நிமிர்ந்து பார்க்கிறவர்களுக்கு அந்தக் கரடுமுரடான விளிம்பு தெரியும். பக்கத்துக் குன்றுகளின் விளிம்பை அப்படித்தான் வரைய வேண்டும். தொலைவு மலைக்கோ விளிம்பு மழுங்கி, நிறம் வெளுக்க வேண்டும். இடையில் உள்ள காற்று நீல ஒளியைச் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புவதால், தூரம் போகப் போகப் பச்சையும் பழுப்பும் கரைந்து வெளிர் நீலமாகிவிடும். எவ்வளவு வெளுப்பு? போதும் என்று மனசுக்குப் படும்போது இன்னும் கொஞ்சம் வெள்ளை சேர்க்க வேண்டும். அக்ரிலிக் காய்ந்ததும் ஒரு படி கருக்கும். இத்தனை நாள் பார்த்த பிறகும் என் பின்திரையில் எனக்கு அலுக்காத பகுதி, கிட்டத்தட்ட வானத்தோடு கலந்துவிட்ட அந்தக் கடைசி மலை வரிசைதான்.

வானமும் அடியில் வெளிர், மேலே போகப் போக நீலம். கோடையில் நம் ஊர் அடிவானம் புழுதியில் வெள்ளையாகவே இருக்கும். அதனால் அடியில் துளி பழுப்பும் சேர்த்தேன். இந்த நிறமாற்றம் ஈரத்திலேயே நடக்க வேண்டும். மே மாதத்தில் பெயிண்ட் தூரிகையிலேயே காய்ந்துவிடும். கார்த்திகை, மார்கழியில் அடியுங்கள், கையில் தண்ணீர் ஸ்ப்ரே இருக்கட்டும்.

சரி, எது தாங்கியது, எது தாங்கவில்லை? வரைந்தபோதே ஒரு துண்டு ஷீட்டில் எல்லா நிறங்களையும் பூசி, மேற்கு ஜன்னலோரம் மாட்டி வைத்திருந்தேன். போஸ்டர் கலர் பச்சையில் மஞ்சள் வெளுத்து, நீலப் பச்சையாக நிற்கிறது. மஞ்சள் காவியும் அல்ட்ராமரினும் கலந்து நானே செய்த பச்சை மாறவில்லை. பார்க்கவும் அதுதான் நம் புதர்க்காட்டின் மங்கல் பச்சை.

பெரிய குறை ஷீட்டுகளின் இணைப்பு. பிவிசி வெயிலுக்கு நீளும். 8 அடி ஷீட், அறை வெப்பம் 15 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 2 மி.மீ. அதனால் கோடைதோறும் இணைப்பில் பூசிய புட்டியில் கீறல் விடுகிறது. இப்போது புட்டி போடுவதையே நிறுத்திவிட்டு, இணைப்பின் முன்னால் மாடல் பனைமரங்களை நிறுத்தியிருக்கிறேன். ஆனால் திரையிலிருந்து நாலு விரல் தள்ளி. ஒட்டி வைத்தால் பனையின் நிழல் வானத்தில் விழும்.

அப்புறம் தூசி. மேட் எமல்ஷனைத் துணியால் அழுத்தித் துடைத்தால் அந்த இடம் மட்டும் வழவழப்பாகி வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும். மென்மையான காய்ந்த தூரிகையால் மேலிருந்து கீழே தட்டிவிட்டால் போதும். மீதி பெயிண்டைப் பாட்டிலில் வைத்தால் நாளடைவில் நாற்றமெடுக்கிறது. எந்த நிறம் எவ்வளவு என்ற அளவை ஷீட்டின் பின்பக்கத்திலேயே எழுதி வையுங்கள், தேவைப்படும்போது புதிதாகக் கலந்துகொள்ளலாம். கலந்ததை லேஅவுட் விளக்கின் அடியில் வைத்துப் பார்த்துவிட்டே பூசுங்கள், பகல் வெளிச்சத்தில் சரியாகத் தெரிந்த நீலம் அங்கே வேறாகத் தெரியும்.