காடு மண்டிய அலொட்மென்ட் நிலத்துக்கு நீளப்பிடி மண்வெட்டி: ஒரு மதிப்பீடு

இங்கிலாந்தில் அலொட்மென்ட்டுக்காக, அதாவது காய்கறி பயிரிட உள்ளூராட்சி மன்றமான கவுன்சில் வாடகைக்குக் கொடுக்கும் துண்டு நிலத்துக்காக, காத்திருப்புப் பட்டியலில் பெயரைப் பதிந்துவிட்டு வருடக்கணக்காகப் பொறுத்திருப்பவர்களுக்குக் கடைசியில் கிடைப்பது, முன்பு வைத்திருந்தவர் கைவிட்டுப்போன, இடுப்பளவு புல்லும் முள்ளும் மூடிய தரைதான். முழு நிலம் என்பது மரபுப்படி 10 ராட் (பழைய நில அளவு), அதாவது ஏறத்தாழ 250 சதுர மீற்றர். பாதி நிலம் எடுத்தாலும் 125 சதுர மீற்றரைத் துப்புரவாக்கியாக வேண்டும். வருட வாடகையைக் கட்டிய பிறகு மிஞ்சும் சிறு தொகையில் முதலில் எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது நீளப்பிடி மண்வெட்டியைத்தான்.

இங்குள்ள கடைகளில் இது ‘அசாடா’ என்றும் ‘டிக்கிங் ஹோ’ என்றும் விற்கப்படுகிறது. பெரிய தோட்டக்கலைக் கடைகள் பலவற்றில் இதைக் காண்பது அரிது. இணையத்தில் தேடினால் சுலபமாகக் கிடைக்கும். நம்மவர்களுக்கு இது புதிய பொருளே அல்ல. இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்டனைச் சேர்ந்த சில்லிங்டன் நிறுவனம் முதலை முத்திரை குத்தி ஆசியாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் அனுப்பிய மண்வெட்டிகள் இலங்கையில் எத்தனையோ வீடுகளில் இருந்தன. வேறுபாடு பிடியில்தான். ஊரில் குனிந்து வெட்டுவதற்கு ஏற்ற குட்டைப் பிடி. இங்கே விற்பதில் நாலரை அடி வரை நீளமான பிடியும் உண்டு. நிமிர்ந்து நின்று வெட்டலாம் என்பதால், பகலெல்லாம் கதிரையில் இருந்து வேலை பார்த்துவிட்டு மாலையில் தோட்டத்துக்குப் போகிறவரின் முதுகுக்கு நீளப்பிடியே உகந்தது. பிடியின் ஒரு முனை பருத்திருக்கும். மெல்லிய முனையை மேலிருந்து தகட்டின் வளையத்துக்குள் விட்டால் பருத்த முனை அதில் இறுகிக்கொள்ளும். ஓங்கி வெட்ட வெட்டத் தகடு இறுகுமே தவிரக் கழன்று பறக்காது. ஆணியும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம்.

கவுச் புல் என்ற களை படர்ந்த தரையில்தான் இதன் அருமை தெரியும். அந்தப் புல்லின் வெண்ணிறக் கிழங்குத் தண்டுகள், முனை ஊசிபோல் கூர்ந்து, பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பின்னிக் கிடக்கின்றன. மண்வெட்டியைத் தலைக்கு மேல் ஓங்கத் தேவையில்லை. இடுப்பளவுக்குத் தூக்கி, தகட்டின் சொந்த எடையில் விழவிட்டு, பிடியைச் சற்றுத் தாழ்த்தி நம் பக்கம் இழுத்தால், புல் தரை பாய்போல உரிந்து வருகிறது. உரிந்த பத்தையைக் கவிழ்த்துத் தகட்டின் பின்புறத்தால் இரண்டு தட்டுத் தட்டினால் மண் உதிர்ந்து தண்டுகள் கையோடு வந்துவிடும். இதே வேலையை, தகடு பிடிக்கு நேராக நீளும் ஸ்பேட்டால் செய்யும்போது ஒவ்வொரு வெட்டுக்கும் காலால் மிதித்து, நெம்பி, குனிந்து தூக்க வேண்டியிருக்கிறது. நேரமும் கூடும், முழங்காலும் நோகும்.

பிரம்பிள் முட்புதருக்கும் இதுவே போதும். தண்டுகளை அடியோடு வெட்டிவிடாமல் முழங்கால் உயரத்துக்கு விட்டு நறுக்கி, அடியில் புடைத்திருக்கும் வேர்முண்டைச் சுற்றி நாலு பக்கமும் கொத்திவிட்டு, தகட்டை முண்டுக்குக் கீழே செலுத்தி நெம்பினால் அது வேரோடு கிளம்பும். பிரம்பிள் மறுபடி துளிர்ப்பது அந்த முண்டிலிருந்துதான் என்பதால் அதை எடுத்துவிட்டால் மண்ணில் எஞ்சும் மெல்லிய வேர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் இந்த வேலையைப் பனிக்காலத்திலேயே முடித்துவிடுவது நல்லது. குருவிகள் கூடு கட்டியிருக்கும் புதரைக் கலைப்பது 1981ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் செய்யக்கூடாத காரியம்.

மண்வெட்டி தோற்கும் இடம் பைண்ட்வீட் என்ற படர்கொடிக் களை. அதன் வேர்கள் மேல்மண்ணைத் தாண்டி ஆழமாக இறங்குகின்றன. வெட்டுப்பட்ட சிறு துண்டும் புதிய கொடியாக முளைக்கும். அங்கே மண்வெட்டியை ஒதுக்கிவிட்டு, முட்கரண்டி போன்ற தோட்டக் கருவியான ஃபோர்க்கால் மண்ணைத் தளர்த்தி, நூல் உருவுவதுபோல நிதானமாக எடுக்க வேண்டும். ஆகவே இரண்டாவது கருவி ஒரு பழைய ஃபோர்க்; அறக்கொடைக் கடைகளிலும் பழைய பொருட்களைக் காரில் கொண்டுவந்து விற்கும் ஞாயிற்றுக்கிழமை கார் பூட் சந்தைகளிலும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

இவ்வளவு பாடுபடுவானேன், மண்ணைக் கிளறும் ரொட்டாவேற்றர் இயந்திரத்தை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தால் முடிந்துவிடுமே என்று சொல்பவர்கள் உண்டு. காடு மண்டிய தரையில் அதை விடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கவுச் புல்லின் தண்டையும் பைண்ட்வீட்டின் வேரையும் அது துண்டு துண்டாக்கி நிலம் முழுக்கப் பரப்பிவிடும். அன்று மாலை தரை அழகாகத் தெரியும். சில வாரங்களில் ஒவ்வொரு துண்டும் முளைத்து நிற்கும். அதன் ஒரு நாள் வாடகைக்கு நல்ல மண்வெட்டி ஒன்றைச் சொந்தமாகவே வாங்கிவிடலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். புதிதாக வரும் தகட்டின் விளிம்பு மழுங்கலாகவே இருக்கும். அரம் ஒன்று வாங்கித் தீட்டாமல் தரையில் இறக்கினால் ‘இது உதவாது’ என்ற முடிவுக்கு வந்துவிடுவீர்கள். லண்டன் களிமண் ஈரமாக இருக்கும்போது தகட்டில் அப்பிக்கொண்டு எடையை இரட்டிப்பாக்கும், எனவே வழித்தெடுக்க ஒரு மரத்துண்டு கூடவே இருக்கட்டும். கோடையில் அதே மண் கல்லாக இறுகிவிடும். மழை பெய்து ஓரிரு நாள் உலர்ந்த தரையே வெட்டுவதற்கு வாய்ப்பானது. எல்லாவற்றுக்கும் மேலாக, தகடு நம் கால்களை நோக்கியே வருகிறது. இரும்பு முனை வைத்த சப்பாத்து இல்லாமல் இதைக் கையில் எடுக்க வேண்டாம். பிள்ளைகளை வீச்சுக்கு எட்டாத தூரத்தில் நிறுத்துங்கள்.

முழு நிலத்தையும் முதல் வருடமே வெட்டத் துணிய வேண்டியதில்லை. கால்வாசியை மண்வெட்டியால் திறந்துகொண்டு, மிச்சத்தின் மேல் ஒட்டுநாடா நீக்கிய பழுப்பு அட்டைப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று கவிய விரித்து, மரம் வெட்டுகிறவர்கள் இலவசமாகக் கொட்டிவிட்டுப் போகும் மரச்சிராயை மேலே பரப்பினால், வெளிச்சமின்றிப் புல் நலிந்துபோகும். பழைய கம்பளத்தைப் போடாதீர்கள். அதன் சாயமும் இரசாயனமும் மண்ணில் இறங்கும் என்பதால் பல கவுன்சில்கள் தடை செய்திருக்கின்றன. திறந்த பகுதியில் ஏப்ரலில் உருளைக்கிழங்கு ஊன்றலாம். மண் அணைப்பதற்கும் கிழங்கு அகழ்வதற்கும் இதே மண்வெட்டிதான். பனி விழும் பருவம் கடந்தபின் மே மாதக் கடைசியில் தண்டுக்கீரை விதைத்தால் கோடை முழுக்கச் சுண்டலுக்குக் கீரை இருக்கும்.

வாங்கும்போது தகடும் வளையமும் ஒரே இரும்பில் அடித்து உருவாக்கப்பட்டதா என்று பாருங்கள். மெல்லிய தகட்டில் வளையத்தை ஒட்டவைத்த மலிவுப் பொருள் ஒன்று, முதல் முட்புதரிலேயே கழுத்து வளைந்துபோனதைப் பக்கத்து நிலத்தில் கண்டேன். தகடு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் இருந்தால் போதும். தோள் வலி உள்ளவர்கள் அதிலும் இலகுவானதை எடுக்கலாம். பிடியை வருடத்துக்கு ஒரு முறை லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் பூசி உலர்த்தி, கூரைக்குக் கீழே வைத்தால் வெடிக்காது.