சங்கமா, தையல் வட்டமா?

அமெரிக்காவில் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கப் பழகி, கூட உட்கார்ந்து தைக்க ஆள் தேடுகிறவருக்கு முதலில் கண்ணில் படுவது 'கில்ட்' எனப்படும் சங்கம். அடுத்தது, ஆறேழு பேர் வீட்டில் கூடும் சிறு குழு. ஆங்கிலத்தில் அதற்குத் தேனீயின் பெயர். அப்படியே தமிழில் எழுதினால் முகம் சுளிப்பீர்கள் என்பதால் தையல் வட்டம் என்கிறேன்.

சங்கத்தில் சேர ஆண்டுச் சந்தா கட்டினால் போதும். மாதம் ஒரு கூட்டம், வெளியூர்ப் பேச்சாளர், பயிலரங்கு. தைத்ததை எல்லோர் முன்னும் விரித்துக் காட்டும் நேரத்துக்காகவே போகலாம். தையலுக்கு விடும் கால் அங்குலம் இம்மி பிசகினாலும் கட்டங்களின் முனைகள் சேராது என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. ஆனால் நட்பு? முதல் கூட்டத்தில் பொருளாளர் அறிக்கையே முக்கால் மணி நேரம் ஓடியது. பக்கத்து நாற்காலிக்காரர் என் பெயரைக் கேட்டது மூன்றாவது மாதம். பொல்லாதவர்கள் இல்லை, ஆளாளுக்குத் தோழிக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு நன்கொடைக் குழு நல்லது. மகன் ஈராக்கில் பணியில் இருந்தபோது கேத்தரின் ராபர்ட்ஸ் 2003இல் தொடங்கிய 'குவில்ட்ஸ் ஆஃப் வேலர்' படைவீரர்களுக்குப் போர்வை தருகிறது. இத்தகைய இடத்தில் கையில் வேலை இருக்கும். பேச்சு தானாக வரும்.

வட்டத்தின் தொல்லைகள் வேறு. எங்கள் வட்டத்தில் முதல் வாரம் ஒருவர் கேக் செய்தார். அடுத்தவர் விருந்தே சமைத்தார். மூன்றாமவர் "என் வீட்டில் வேண்டாமே" என்று நழுவினார். தேநீரும் பிஸ்கட்டும் மட்டுமே என்று விதி போட்ட பிறகுதான் வட்டம் நிலைத்தது. இன்னொரு நாள் ஒரே மின்சுற்றில் இரண்டு இஸ்திரிப் பெட்டிகளைச் செருகினோம். தையல் இயந்திரங்கள் எல்லாம் நின்றன. அதிலிருந்து ஓரப்பட்டி தைப்பது போன்ற கைவேலைதான். இயந்திரச் சத்தம் இல்லாததால் பேச்சும் கூடிவிட்டது. நான்கு பேர் போதாது. இருவர் வராவிட்டால் அந்த வாரம் கூட்டமே இல்லை.

என் ஓட்டு வட்டத்துக்குத்தான். ஆனால் அந்த ஆறு பேர் கிடைப்பது சங்கத்தில்தான், சந்தா வீணில்லை. பல சங்கங்களுக்குள்ளேயே வட்டங்கள் உண்டு. சேரும் அன்றே, எதில் இடம் இருக்கிறது என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள். எல்லாம் நிரம்பிவிட்டது என்றால், பின்வரிசையில் தனியாக உட்கார்ந்திருப்பவர்களை எண்ணிப் பாருங்கள்.