பாசிக்கு மருந்து என்று பாட்டிலில் ஊற்றித் தந்தால் வாங்காதீர்கள்

மீன் தொட்டியில் பிளாஸ்டிக் செடி வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். செடியில் பாசி பிடிக்கிறது என்று சொன்னால், சில கடைகளில் லேபிள் இல்லாத சின்ன பாட்டிலில் நீலமாக ஒரு மருந்தை ஊற்றித் தருகிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். அதை ஊற்றிய மறுநாள் என் தொட்டியில் ஒரு செர்ரி இறால்கூட (அழகுக்கு வளர்க்கும் சின்னச் சிவப்பு இறால்) மிஞ்சவில்லை. நத்தைகளும் செத்துப்போயின.

சென்னையில் வண்ண மீன் என்றாலே கொளத்தூர்தான். நான் வாங்கியது அங்கே இல்லை, வீட்டுப் பக்கத்தில் இருக்கும் ஒரு கடை. கடையின் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் நடந்ததை முழுதாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது ஒரே நாளில் செய்த ஏமாற்று இல்லை, ஒன்றை விற்று அதனால் வரும் தொல்லைக்கு அடுத்ததை விற்கும் வியாபாரம்.

முதலில் செடி. உயிர்ச்செடி வாங்கலாம் என்றுதான் போனேன். "அதெல்லாம் அழுகிப் போகும் அக்கா, இதை வைங்க, பாசியே பிடிக்காது" என்று பிளாஸ்டிக் செடிகளை எடுத்துப் போட்டார். கூடவே ஒரு வெள்ளை எல்இடி லைட். "நாள் முழுக்க எரியட்டும், மீன் கலர் நல்லா வரும்" என்றார். இரண்டுமே தப்பான பேச்சு. மீனின் கழிவும் மிச்சத் தீனியும் தண்ணீரில் நைட்ரேட், பாஸ்பேட் என்ற சத்துகளாகச் சேரும். உயிர்ச்செடி இருந்தால் அதில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். பிளாஸ்டிக் செடி எதையும் உறிஞ்சாது. அத்தனையும் பாசிக்குத்தான். அதற்கு மேல் நாள் முழுக்க லைட் எரிந்தால் கேட்கவே வேண்டாம். ஆறிலிருந்து எட்டு மணி நேர வெளிச்சம் போதும், மீனுக்கு இருட்டும் வேண்டும். தொட்டியில் நேர் வெயில் படக் கூடாது.

சில வாரங்களில் இலையெல்லாம் பழுப்பாக மாவு பூசினாற்போல் ஆனது. புதுத் தொட்டியில் இது சகஜம். டயாட்டம் என்ற பழுப்புப் பாசி, விரலால் தேய்த்தாலே வந்துவிடும், பெரும்பாலும் நாளடைவில் தானாகவே அடங்கும். இந்த ஒரு வார்த்தையைக் கடைக்காரர் சொல்லியிருந்தால் போதும், ஒரு பைசா செலவில்லை. சொல்லவில்லை. பாட்டிலை எடுத்தார்.

"தம்பி, உள்ளே இறால் இருக்கு, நத்தை இருக்கு, ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்டேன். "எதுக்கும் ஒண்ணும் ஆகாது அக்கா, எல்லாத்துக்கும் சேஃப்" என்றார். எத்தனை லிட்டர் தொட்டி என்று கேட்கவில்லை. ஒரு மூடி ஊற்றச் சொன்னார். பில் கேட்டதற்கு, மருந்துக்கு பில் கிடையாது என்றார்.

ஊற்றிய கொஞ்ச நேரத்தில் இறால்கள் நிலைகொள்ளாமல் தொட்டி முழுக்க அங்கும் இங்கும் ஓடின. நத்தைகள் கண்ணாடியில் ஏறித் தண்ணீருக்கு வெளியே வந்து நின்றன. உடனே பாதித் தண்ணீரை மாற்றினேன், பயனில்லை. மறுநாள் காலையில் பார்த்தால், சிவப்பாக இருந்த இறால்களெல்லாம் வெளிறிய ஆரஞ்சு நிறத்தில், வேகவைத்தது மாதிரி மணலில் சாய்ந்து கிடந்தன. ஒரு நத்தை மல்லாந்து, ஓட்டின் மூடி திறந்தபடி கிடந்தது. கையில் எடுத்தபோதே நாற்றம். மோலி மீன்கள் பிழைத்தன, ஆனால் ஏர் பம்ப் குமிழிக்குப் பக்கத்திலேயே நின்று வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. செத்த பாசியும் செத்த உயிர்களும் அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், அம்மோனியா ஏறும். மீனுக்கு மூச்சுத் திணற அதுவும் ஒரு காரணம்.

மீதி மருந்தை வேதியியல் ஆசிரியராக இருக்கும் உறவினரிடம் கொண்டுபோனேன். அவர் பளபளப்பாகத் தேய்த்த ஓர் இரும்பு ஆணியை அதில் போட்டு வைத்தார். எடுத்தபோது ஆணி முழுக்கச் செம்பு நிறம். பள்ளிப் பாடத்தில் வரும் அதே சோதனை. பிறகு கொஞ்சம் அம்மோனியா கரைசல் விட்டார், வெளிர்நீலம் கரும் நீலமாக மாறியது. "மயில்துத்தம்தான்" என்றார். அதாவது காப்பர் சல்பேட். செம்பு பாசியைக் கொல்லும், உண்மைதான். ஆனால் இறாலும் நத்தையும் மீனைவிட மிகக் குறைந்த செம்புக்கே செத்துவிடும். உப்புக் குறைந்த மென்னீரில் மீனுக்கும் ஆபத்து கூடும். இத்தனை லிட்டருக்கு இவ்வளவு என்று அளந்து போட வேண்டிய விஷத்தை மூடிக் கணக்கில் விற்கிறார்கள். இறால் இருப்பதைச் சொன்ன பிறகும் விற்கிறார்கள் என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது. (ஆணியில் செம்பு படியாவிட்டால் மருந்து நல்லது என்று அர்த்தமில்லை. லேபிள் இல்லாத எதுவும் தொட்டிக்குள் வேண்டாம்.)

கடைக்குத் திரும்பிப் போய்ச் சொன்னதற்கு, "தண்ணி மாத்தாம விட்டிருப்பீங்க" என்று பழியை என்மேல் போட்டுவிட்டு, அடுத்ததாக சக்கர் மீனைக் காட்டினார். "இது விட்டா பாசியே இருக்காது, சின்னதுதான்." சின்னதாக விற்கிறார்கள், சரி. தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் ஒரு அடிக்கு மேல் வளரும். வீட்டுத் தொட்டி தாங்காமல் ஜனங்கள் ஏரியில் கொண்டுபோய் விட, நம் நீர்நிலைகளில் பெருகி, மீனவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருப்பதும் அதே மீன்தான். வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இனி பாசிக்கு என்ன செய்வது என்றால், பிளாஸ்டிக் செடியில் இருக்கும் ஒரே பெரிய வசதியே அதை வெளியே எடுத்துக் கழுவலாம் என்பதுதான். மருந்தே தேவையில்லை. வாளியில் தொட்டித் தண்ணீரை எடுத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் பழுப்புப் பாசியும் மெல்லிய பச்சைப் பாசியும் போய்விடும். சோப்பு கூடவே கூடாது. இலை ஓரத்தில் கறுப்பாக முடி மாதிரி ஒட்டிக்கொண்டு வராத பாசி இருந்தால், வாசனை சேர்க்காத பிளீச் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்தொன்பது பங்கு கலந்து, செடியை மட்டும் பத்து நிமிடம் ஊற வையுங்கள். பிறகு நன்றாக அலசி, ஆன்டி குளோரின் (குளோரினை நீக்கும் மருந்து) கலந்த தண்ணீரில் ஊற வைத்து, வாசனை துளியும் இல்லாமல் போகும் வரை வெயிலில் காயப் போடுங்கள். பிளீச்சோடு வினிகரைக் கலக்கவே கூடாது, குளோரின் வாயு வரும். துணி இலைச் செடிக்கு பிளீச் ஆகாது, சாயம் போய்விடும். எல்லாச் செடியையும் ஒரே நாளில் கழுவாமல் பாதி பாதியாகச் செய்வது நல்லது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றி நன்மை செய்யும் பாக்டீரியா பெரும்பாலும் ஃபில்டரில் இருந்தாலும் இலையிலும் கொஞ்சம் இருக்கும்.

அந்தச் செடிகளே தரமில்லை என்பதும் கழுவும்போதுதான் தெரிந்தது. சிவப்புச் செடியை வெள்ளை மக்கில் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு வைத்தேன், காலையில் தண்ணீர் ரோஸ் நிறம். இன்னொன்றின் அடித்தண்டில் பிளாஸ்டிக் பிளந்து உள்ளே இருந்த கம்பி துருப்பிடித்திருந்தது. வாங்கியதும் இப்படி ஓர் இரவு ஊற வைத்துப் பாருங்கள், சாயம் விட்டால் அப்படியே திருப்பிக் கொடுங்கள்.

பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். பாட்டிலையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்களில் யாருக்காவது இதே மாதிரி நடந்திருந்தால் நீங்களும் பதிவு செய்யுங்கள், தனி ஆளாகச் சொன்னால் "ஒரு இறால்தானே" என்று தள்ளிவிடுவார்கள்.

ஏற்கெனவே ஊற்றிவிட்டவர்கள் தண்ணீரைப் பல தடவை மாற்றி, ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் (வேண்டாததை உறிஞ்சும் கரி) போடுங்கள். செம்பு மணலிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு பிறகு மெல்லக் கசியும். அதனால் காப்பர் டெஸ்ட் கிட் வாங்கிப் பார்க்காமல் இறாலோ நத்தையோ திரும்ப விட வேண்டாம். மிச்ச மருந்தைக் குளத்திலோ கால்வாயிலோ கொட்டிவிடாதீர்கள், அங்கேயும் நத்தைகள் இருக்கின்றன.